நெடுந்தொடர்களின் அன்றாடக் கதைச் சுருக்கம்: என்ன நடந்தது என்பதா, யாருக்குத் தெரிந்தது என்பதா?

வேலந்தாவளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுந்தொடர்களுக்கு நாள்தோறும் கதைச் சுருக்கம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். முதல் காட்சியில் யார் யாரிடம் என்ன சொன்னார், அடுத்த காட்சியில் யார் அழுதார், கடைசியில் வாசலில் வந்து நின்றவர் யார் என்று வரிசையாக எழுதி, இத்துடன் இன்றைய பகுதி முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் தொடரைப் பார்க்க முடியாமல் போன ஒருவர் அந்தச் சுருக்கங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாலும், கதை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவருக்கு விளங்குவதில்லை. உழைத்து எழுதுகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல சுருக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே பேசித் தெளிவு பெறலாம் என்பதே என் விருப்பம்.

என் கருத்து இதுதான். நெடுந்தொடரில் நிகழ்ச்சிகள் குறைவு, மறைக்கப்பட்ட செய்திகள் மிகுதி. ஓர் உண்மை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதுதான் அங்கே கதை நகரும் வழி. 'பாக்கியலட்சுமி' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் தொடங்கிய அந்தத் தொடரில், தன் கணவர் கோபிக்கும் ராதிகாவுக்கும் உள்ள உறவு நாயகி பாக்கியாவுக்குத் தெரிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பாக்கியாவும் ராதிகாவும் தோழிகள். ஆனால் தான் மணக்க நினைக்கும் மனிதர்தான் தோழியின் கணவர் என்பது ராதிகாவுக்குத் தெரியாது. அந்த இரண்டு ஆண்டுகளில் பூசை, பிறந்தநாள், சமையல் ஆர்டர், மருத்துவமனை என்று எத்தனையோ காட்சிகள் வந்து போயிருக்கலாம். ஆனால் இன்று யாருக்கு உண்மையின் எந்தத் துண்டு புதிதாகத் தெரிந்தது என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்லியிருந்தால், அந்த நாளின் சுருக்கம் முழுமை பெற்றிருக்கும்.

கேரள, ஆந்திர எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்களான நமக்கு இது மற்றவர்களைவிட எளிதில் புலப்படும் என்று நான் நம்புகிறேன். எங்கள் ஊரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பல வீடுகளில் ஒரு நேரத்தில் தமிழ்த் தொடரும் இன்னொரு நேரத்தில் மலையாளத் தொடரும் ஓடும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே கதை 2020இல் 'சாந்த்வனம்' என்ற பெயரில் ஏஷியாநெட்டுக்கு வந்தது. குன்றக்குடி மளிகைக் கடைக் குடும்பத்தின் சத்தியமூர்த்தியும் தனமும் அங்கே பாலனும் தேவியும் ஆனார்கள், கதிரும் முல்லையும் சிவனும் அஞ்சலியும் ஆனார்கள். இரண்டையும் பார்த்தவர்களுக்கு எது கதையின் எலும்பு, எது நாட்களை ஓட்டுவதற்காகச் சேர்த்த சதை என்பது தானாகவே பிரிந்து தெரியும். இரண்டு மொழியிலும் தவறாமல் வருகிற திருப்பம் கதைக்கு உரியது. ஒரு மொழியில் மட்டும் பதினைந்து நாள் நீளும் கோயில் திருவிழா அந்தந்தத் தயாரிப்புக்கு உரியது. சுருக்கம் எழுதும்போது இந்தக் கண் நமக்குப் பெரிதும் உதவும்.

நகரித்தறி எழுதியது:

அண்ணா, நல்ல பொருளை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்து நிலையையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆந்திரப் பக்கத்து நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி ஓடும் வீடுகளில் தொலைக்காட்சி கண்ணுக்கு மட்டும்தான். தறிச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. முகங்களைப் பார்த்தே யார் கோபமாக இருக்கிறார்கள், யார் எதையோ மறைக்கிறார்கள் என்று ஊகிப்போம். அப்படிப்பட்டவர்கள் தறி நின்ற பிறகு கைப்பேசியில் சுருக்கத்தைத் தேடுவது, என்ன பேசினார்கள் என்று அறிவதற்காகத்தான். ஆகவே வசனத்தை முற்றிலும் விட்டுவிட்டு, இன்னாருக்கு இன்னது தெரிந்தது என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

மூலக்கதையை முன்கூட்டியே அறிந்தவர்கள் எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. 2014இல் மலையாளத்தில் தொடங்கிய 'கருத்தமுத்து' 2017இல் தெலுங்கில் 'கார்த்திக தீபம்' ஆயிற்று, 2019இல் தமிழில் 'பாரதி கண்ணம்மா' ஆயிற்று. மலையாளத்தில் முதலில் நாயகியாக நடித்த பிரேமி விசுவநாத்தான் தெலுங்கிலும் தீபாவாக வந்தார். அவரை எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் இன்றும் வண்டலக்கா, அதாவது சமையல்கார அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். தெலுங்குத் தொடரை ஒரு வருடத்திற்கு மேல் முன்னதாகவே பார்த்திருந்த எங்களுக்கு, தமிழில் கண்ணம்மா கர்ப்பிணியாக வீட்டை விட்டு நடந்து போனபோதே அடுத்து வரப்போவது பெரும்பாலும் தெரியும். அதைச் சொன்னால் மற்றவர்களின் ஆவல் கெடும். சொல்லாமல் எழுதினால் அறிந்ததை மறைத்த குற்ற உணர்வு வருகிறது. இதற்கு என்ன வழி?

ஆசிரியை (சித்தூர், பாலக்காடு) எழுதியது:

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். வேலந்தாவளத்துத் தம்பி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அந்த அளவுகோலை எல்லாத் தொடர்களுக்கும் வைக்க முடியாது என்பதை 'மெட்டி ஒலி'யைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

திருமுருகன் இயக்கிய அந்தத் தொடர் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் 811 பகுதிகள் வந்தது. 2020 பொதுமுடக்கத்தின்போது படப்பிடிப்புகள் நின்றுபோனதால் மறுபடியும் ஒளிபரப்பானது. எங்கள் பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளைகளில் பலர் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். தாயில்லாத ஐந்து பெண்களை, தனம், சரோ, லீலா, விஜி, பவானி ஆகியோரை, சிதம்பரம் என்ற தந்தை ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுக்கிறார் என்பதற்கு மேல் அதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சரோவை அவள் மாமியார் ராஜம் எப்படி நடத்துகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அப்படியானால் ஒவ்வொரு நாளும் என்னதான் நகர்ந்தது? ஒரு சொல் யார் முன்னிலையில் சொல்லப்பட்டது என்பதுதான் அங்கே கதை. மாமியார் மருமகளைத் தனியாக ஏசுவது ஒன்று, அவளைப் பார்க்க வந்திருக்கும் தந்தையின் காதில் விழும்படி ஏசுவது வேறொன்று, மகன் மாணிக்கம் அருகில் நின்று கேட்டும் வாய் திறக்காமல் இருப்பது இன்னும் வேறொன்று. நிகழ்ச்சி வரிசையாக எழுதும் சுருக்கத்தில் இந்த மூன்றும் 'ராஜம் சரோவைத் திட்டினார்' என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும். அந்த ஒரு வாக்கியத்தில் தொடரின் உயிரே போய்விடும்.

ஆகவே, யாருக்குத் தெரிந்தது என்பதோடு யார் முன்னிலையில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் அவமானம் என்பது பார்வையாளர் இல்லாமல் நிகழ்வதில்லை. தொடர் எழுதுகிறவர்கள் அதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். சுருக்கம் எழுதுகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு பகுதியின் கட்டமைப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு 12 நிமிடத்திற்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அரை மணி நேரத்தில் விளம்பரமும், முகப்புப் பாடலும், முந்தைய பகுதியின் நினைவூட்டலும், நாளைய முன்னோட்டமும் போக எஞ்சுவதே அன்றைய கதை. அதிலும் ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஓர் அதிர்ச்சி, இறுதியில் உறைந்து நிற்கும் ஒரு முகம், சனிக்கிழமை என்றால் இன்னும் பெரிய அதிர்ச்சி. வியாழக்கிழமைகளில் வெளியாகும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டி.ஆர்.பி. புள்ளிகள் இறங்கினால் கதையின் திசையே மாறிவிடக்கூடும். இந்த அதிர்ச்சிகளில் பல அடுத்த நாள் முதல் காட்சியிலேயே கரைந்துபோகும். கதவைத் தட்டியது காவலர் என்று காட்டி முடிப்பார்கள், மறுநாள் அவர் முகவரி கேட்க வந்தவராக இருப்பார். அப்படிப்பட்ட முடிவை அன்றைய சுருக்கத்தில் பெரிதாக எழுதாமல், மறுநாள் வரை காத்திருந்து அது நிலைத்ததா என்று பார்த்து எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. நாளைய முன்னோட்டத்தை இன்றைய கதையாகச் சேர்த்து எழுதும் வழக்கத்தை அறவே விட வேண்டும். முன்னோட்டத்தில் காட்டியது கனவுக் காட்சியாகப் போய்விட்ட நாட்கள் உண்டு.

தேயிலைச்சாரல் எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து எழுதுகிறேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்து சமையல் முடிக்கும் நேரத்தில் தொடரில் பாதி போய்விடும். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே சுருக்கங்களை நான்தான் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். அப்படிப் படிக்கும்போது ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. 'எதிர்நீச்சல்' போன்ற தொடரில் ஆதி குணசேகரன், ஞானம், கதிர், சக்தி என்று நான்கு அண்ணன் தம்பிகள். அவர்களுக்கு ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மனைவிமார். எழுதுகிறவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டே போகிறார்கள். 'ரேணுகா சொன்னாள்' என்றதும் அம்மா, 'எவ அவ, ரெண்டாவது மருமகளா?' என்று கேட்பார். நான் நிறுத்தி விளக்கிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும்.

நம்முடைய தொடர்களில் உறவுமுறைதான் அதிகாரம். மூத்த மருமகள் எதிர்த்துப் பேசுவதற்கும் கடைசி மருமகள் எதிர்த்துப் பேசுவதற்கும் அந்த வீட்டில் எடை வேறு. படித்த பெண்களை அடுப்படிக்குள் அடைத்து வைத்திருக்கும் வீட்டைப் பற்றிய கதையில், நீண்ட காலம் வாய் திறக்காமல் இருந்த ஈஸ்வரி முதன்முதலாகக் கணவரை எதிர்த்துப் பேசுவது, ஜனனி பத்து முறை பேசுவதைவிடப் பெரிய செய்தி. ஆகவே முதல் முறை பெயர் வரும் இடத்தில் உறவையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் உங்கள் எழுத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கோவிந்தாபுரத்துக்காரர் எழுதியது:

சகோதரி 'எதிர்நீச்ச'லைக் குறிப்பிட்டதால் நடிகர் மாற்றம் பற்றி ஒரு செய்தி. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து மறைந்தார். அந்தப் பாத்திரத்தைப் பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார். அந்த வாரங்களின் சுருக்கங்கள் பலவற்றில் பாத்திரம் மறைந்ததா, நடிகர் மறைந்தாரா என்றே புரியாதபடி இரண்டு பெயர்களையும் கலந்து எழுதியிருந்தார்கள். ஒரு மனிதரின் இறப்பு தொடர்பான எழுத்தில் அந்தக் கலக்கம் இருக்கக் கூடாது.

அவருடைய குணசேகரன் வெறும் வில்லன் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இயக்குநர் திருச்செல்வம் எழுதிய அந்த மனிதன் எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் நாங்கள் கண்ட மனிதன்தான். வீட்டுப் பெண்கள் படித்தவர்கள் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அந்தப் படிப்பைப் பயன்படுத்த ஒருபோதும் விடாதவன். மாரிமுத்து அந்த ஆளின் பேச்சிலும் நடையிலும் சிரிப்பிலும் காட்டிய நுணுக்கத்தை எந்தச் சுருக்கமும் முழுமையாகத் தர முடியாது. ஆனால் 'குணசேகரன் கத்தினார்' என்று எழுதாமல், அவர் கத்தாமல் மெதுவாகப் பேசிய நாட்களைத் தனியாகக் குறித்தால், பார்க்காதவருக்கும் அந்த அச்சம் போய்ச் சேரும்.

வேலந்தாவளத்தான் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன 'முன்னிலை' என்ற கருத்து நான் சொன்னதை விரிவாக்கி ஆழப்படுத்துகிறது. நகரி அண்ணாவின் வசனக் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நாளின் வசனங்கள் அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. அறிவையோ மதிப்பையோ மாற்றிய வசனம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அவற்றைச் சொல் மாறாமல் எழுதலாம். தறிச் சத்தத்தில் தவறவிட்டவர்களுக்கு வேண்டியதும் அந்த வசனங்களே.

'பாரதி கண்ணம்மா'வை வைத்து ஒரு மாதிரியைக் காட்டுகிறேன். கணவரைப் பிரிந்த கண்ணம்மாவுக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் லட்சுமி தாயிடமும் ஹேமா தந்தை பாரதியிடமும் வளர்கிறார்கள் என்ற கட்டத்தில் சுருக்கம் எழுதும் ஒருவர், அன்றைய காட்சிகளுக்கு முன்னால் இப்படி நிலைமையைச் சொல்லலாம்: ஹேமா யாருடைய குழந்தை என்பது மாமியார் சௌந்தர்யாவுக்குத் தெரியும். பாரதி அவளைத் தத்துப் பிள்ளை என்று எண்ணி உயிராக வளர்க்கிறார். தனக்கு இரண்டாவதாக ஒரு குழந்தை இருப்பது கண்ணம்மாவுக்குத் தெரியாது. தங்கள் இருவருக்கும் தாய் தந்தை ஒருவரே என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. இந்த நான்கு வரிகளைப் படித்துவிட்ட ஒருவருக்கு, ஹேமா கண்ணம்மாவின் மடியில் படுத்துத் தூங்கும் ஒரு சாதாரணக் காட்சிகூட ஏன் நெஞ்சைப் பிசைகிறது என்பது உடனே விளங்கும். இந்த நிலைமை மாறும் நாளில் மட்டும் வரிகளை மாற்றினால் போதும். அதே நான்கு வரிகள் மூன்று மாதம் மாறாமல் இருந்தால், தொடர் மூன்று மாதமாக நகரவில்லை என்பதற்கு அதுவே சான்றாக இருக்கும், அதைத் தனியாகச் சொல்லிக் கோபப்பட வேண்டியதில்லை.

நகரித்தறி எழுதியது:

இந்த முறை எனக்கு நிறைவாக இருக்கிறது, அண்ணா. தெலுங்கிலும் அதே நிலைமைதான். சௌர்யா, ஹிமா என்று குழந்தைகளின் பெயர்தான் வேறு, மாமியாரின் பெயர் அங்கும் சௌந்தர்யாவே. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பாரதி போன்ற ஒரு மருத்துவர், மனைவி மேல் ஐயம் கொண்டு பிரிந்தவர், ஒரு மரபணுப் பரிசோதனை செய்துவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கலை இத்தனை ஆண்டுகள் சுமந்துகொண்டு திரிகிறார். தமிழிலும் தெலுங்கிலும் நேயர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சுருக்கம் எழுதுகிறவர் இதைக் கேட்கலாமா, அல்லது கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா?

ஆசிரியை (சித்தூர், பாலக்காடு) எழுதியது:

கேட்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன், கேட்டே ஆக வேண்டும். ஆனால் கதையைச் சொல்லும் இடத்தில் கேட்கக் கூடாது. கதை ஒரு பத்தி, கருத்து இன்னொரு பத்தி என்று பிரித்து எழுத வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் எள்ளல் கலந்து எழுதினால், படிக்கிறவர் உண்மையில் நடந்தது எது, எழுதியவரின் எரிச்சல் எது என்று பிரிக்க முடியாமல் திண்டாடுவார்.

கருத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியதன் காரணத்தையும் சொல்கிறேன். கேரள அரசு 2020ஆம் ஆண்டுக்கான தொலைக்காட்சி விருதுகளை 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, சிறந்த தொடருக்கான விருதை எதற்கும் வழங்கவில்லை. தகுதியான தொடர் எதுவும் இல்லை என்றும், தொடர்களில் பெண்களும் குழந்தைகளும் காட்டப்படும் விதம் கவலை அளிக்கிறது என்றும் நடுவர் குழு கூறியது. இங்குள்ள தமிழ் வீடுகளில் அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகவும் குறைவு. ஆனால் அதே கதைகள் மொழி மாறி நம் கூடத்துக்கும் வருகின்றன. கறுப்பு நிறத்துப் பெண்ணுக்கு நேரும் இழிவைப் பேசும் 'பாரதி கண்ணம்மா' கதையில், நாயகிக்குக் கறுப்புச் சாயம் பூசி நடிக்க வைத்தார்கள். அந்த நிறத்தில் பிறந்த ஒரு நடிகைக்கு அந்த வாய்ப்பு ஏன் போகவில்லை என்று கேட்பது சுருக்கம் எழுதுகிறவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். தொடரைத் தொடர்ந்து பார்த்து, அதன் மேல் அன்பு வைத்து எழுதுகிறவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஒரு நாளும் பார்க்காமல், எல்லாத் தொடரும் குப்பை என்று சொல்கிறவர் கேட்டால் அது யாரையும் அசைக்காது.

கோவிந்தாபுரத்துக்காரர் எழுதியது:

முழுவதும் உடன்படுகிறேன், அம்மா. இன்னொன்றையும் சேர்க்கலாம். பாராட்ட வேண்டிய நாளில் பாராட்டும் வேண்டும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் கொழுந்தன்மாருக்காகத் தனக்கென்று பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கும் தனமாகத் தமிழில் நடித்த சுஜிதாவே, தெலுங்கு 'வதினம்மா'விலும் அதே இடத்தில் சீதாவாக நடித்தார். ஒரே நடிகை, ஒரே துயரத்தை இரண்டு மொழியில் சுமந்ததை ஒப்பிட்டு எழுத நகரி அண்ணாவைப் போன்ற எல்லைக்காரர்களால்தான் முடியும். சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

தேயிலைச்சாரல் எழுதியது:

அண்ணா, ஒப்பீடு எழுதுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுவேன். ஆனால் ஒரு வேண்டுகோள். தமிழில் இன்னும் வராத திருப்பத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் இருவரும் ஒரு தொடரைப் பார்ப்பதே அடுத்த நாள் என்ன ஆகும் என்று இரவில் படுத்துக்கொண்டு பேசுவதற்காகத்தான். அம்மா ஊகித்தது நடந்துவிட்டால் காலையில் மலைக்குப் போகும்போது அவருக்கு இருக்கும் மகிழ்ச்சியை நான் கெடுக்க விரும்பவில்லை.

நகரித்தறி எழுதியது:

தங்கையின் வேண்டுகோளை ஏற்கிறேன். தெலுங்கு, மலையாள ஒப்பீடுகளைத் தனி இழையில் மட்டும் எழுதுவேன். எந்தத் திருப்பத்தையும் தமிழில் ஒளிபரப்பான பிறகே தொடுவேன். தமிழில் கதை வேறு பாதையில் பிரிந்து போய்விட்டால், பிரிந்த இடத்தை மட்டும் குறிப்பிட்டு, மற்ற மொழியில் அதற்குப் பிறகு நடந்ததை விட்டுவிடுவேன். முதல் ஒப்பீடு தனமும் சீதாவும். அதில் மலையாளத்துத் தேவியையும் சேர்க்க வேண்டுமென்றால், 'சாந்த்வனம்' பார்த்த பாலக்காட்டுப் பக்கத்தவர்கள் யாராவது அந்தப் பகுதியை எழுதித் தர வேண்டும்.

ஆசிரியை (சித்தூர், பாலக்காடு) எழுதியது:

தேவியைப் பற்றி நான் எழுதுகிறேன், தம்பி. அந்தத் தொடரில் தேவியாக நடித்த சிப்பி அதன் தயாரிப்பிலும் பங்கு கொண்டவர் என்பதால், அந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடர் இல்லை, அன்று எழுதி அனுப்புகிறேன்.